மடையானின் காலும் கபிலர் பாட்டும்

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. ஊரறியாமல் தன்னை மணந்தவன் வாக்கு மாறிவிட்டால் என்ன செய்வது என்று கலங்குகிறாள் ஒருத்தி. அன்று பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றுதான் இருந்தது. அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து, பசுமை ஓடியிருந்ததாம்.

வகுப்பறையில் இந்தப் பாட்டு பெரும்பாலும் ‘குறிஞ்சித் திணை, தலைவி கூற்று’ என்ற குறிப்போடு முடிந்துவிடும். வயல் வரப்பில் அந்தக் குருகைப் போன்ற மடையான் கொக்கைப் பார்த்துப் பழகியவருக்கோ இது வேறு மாதிரி கேட்கும். மங்கிய பச்சை கலந்த மஞ்சள் கால். மணிக்கணக்கில் அசையாத நிற்பு. கண் முழுக்கத் தண்ணீரில். கரையில் யார் யாருக்குச் சத்தியம் செய்தால் அதற்கென்ன? இருந்தது ஒரே சாட்சி, அதுவும் மீனை மட்டுமே பார்த்த சாட்சி! பறவையின் பழக்கம் தெரியாதவருக்கு அவளுடைய தவிப்பில் பாதிதான் எட்டும்.

பழைய இலக்கியத்தை இப்படி மண், மழை, மரம், பறவையோடு சேர்த்துப் படிப்பதைச் சூழலியல் திறனாய்வு என்கிறார்கள். 1978இல் அமெரிக்கரான வில்லியம் ரூக்கர்ட் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். 1990களில் அது பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. தமிழில் பி.எல். சாமி ரூக்கர்ட்டுக்கு முன்பே, சங்கப் பாடல்களின் செடிகொடிகளையும் பறவைகளையும் இன்னின்னவை என்று இனங்கண்டு நூல்கள் எழுதத் தொடங்கிவிட்டார்.

தொல்காப்பியம் தரும் முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அந்நிலத்து மரம், பறவை போன்றவை) வகைப்பாட்டை மாணவர்கள் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அட்டவணையின் கட்டங்கள் நிலையானவை அல்ல. முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலையாகிவிடும் என்கிறது சிலப்பதிகாரம். வறட்சி பற்றி வகுப்பில் பேச இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

அதற்காகச் சங்கப் புலவர்களை உலகின் முதல் சூழலியலாளர்கள் என்று மேடையில் முழங்குவதும் சரியல்ல. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் சோழ மன்னன் கரிகாலனைப் புகழும் காரணங்களில் ஒன்று, அவன் காடுகளை அழித்து நாடாக்கியது. அடுத்த மூச்சிலேயே குளம் வெட்டியதையும் சேர்த்துச் சொல்கிறார். காட்டை வெட்டியது அன்று ஏன் பெருமையானது, யார் வயிறு நிறைந்தது, காட்டை நம்பியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று மாணவர்களைக் கேட்கவிட்டால், ஒரு பாடவேளை போதாது.

இப்படிச் சூழலோடு சேர்த்துப் பாடம் நடத்தச் செலவும் அதிகமில்லை. நெய்தல் பாடத்தைப் புன்னை மரத்தடியிலும், மருதத்தை ஏரிக்கரையிலும் நடத்தலாம். குறிஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. அடுத்த முறை 2030. தமிழாசிரியர்கள் இப்போதே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.