ஊருக்குப் போறீங்களா? நாய் கடித்தால் பார்த்துக்கொண்டவர் மீதும் வழக்கு பாயலாம்!

சென்னை:
"அக்கா, வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வர்றோம். நாய்க்குக் கொஞ்சம் சோறு வச்சிடு" என்று பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பது நொச்சிக்குப்பத்தில் சகஜம். ஆனால் சாவியோடு சட்டப் பொறுப்பும் கைமாறுகிறது.

1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டப்படி, பிராணி யார் பராமரிப்பில் இருக்கிறதோ அவரும் அதன் நலனுக்குப் பொறுப்பு. அலட்சியமாக அவிழ்த்துவிட்டு அது யாரையாவது கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். "என் நாய் இல்லீங்க" என்று சொல்லி தப்ப முடியாது.

கிளம்பும் முன்...

நாய்க்கு வெறிநோய் தடுப்பூசி போட்ட சீட்டை அவரிடம் கொடுங்கள். 2, 3 நாள் முன்பே அவர் கையால் சோறு வைத்துப் பழக்குங்கள். தீனிச் செலவுக்குப் பணம் கொடுங்கள். தினக்கூலிக்குப் போகிறவர் தலையில் அதையும் கட்டக்கூடாது.

நகை, பணத்தை வீட்டில் வைக்காதீர்கள். காணாமல் போனால் முதல் சந்தேகம் சாவி வைத்திருந்தவர் மேல்தான் விழும். பூட்டிய வீடு பற்றி போலீஸ் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நாய் கடித்துவிட்டால் காயத்தை 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம்.