ஐரோப்பாவை ஜெயித்த ஆசிய நகரத்துப் பெண்கள்



நம் சுவர் இதழில் விளையாட்டுப் பக்கம் என்றாலே கிரிக்கெட்தான் வரும். இந்த முறை நான் கூடைப்பந்து பற்றி எழுதுகிறேன். அதுவும் பெண்கள் கூடைப்பந்து. ரஷ்யாவில் இருக்கிற ஒரு கிளப்போட கதை இது. அந்தக் கிளப் பேரு யு.எம்.எம்.சி. எகாதெரின்பர்க். பேரைப் பார்த்து பயந்து அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. கதை ரொம்ப சுவாரஸ்யமானது. இதுல பனி இருக்கு, செம்பு இருக்கு, கோடிக்கணக்கில் பணம் இருக்கு, கடைசியில ஒரு ஜெயிலும் இருக்கு!

ஊர் எங்கே இருக்கு?

நம்ம சமூக அறிவியல் அட்லஸை எடுங்க. ரஷ்யாவில் வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் ஓடும். அதுதான் யூரல் மலை. அதுக்கு மேற்கே ஐரோப்பா, கிழக்கே ஆசியா. எகாதெரின்பர்க் நகரம் மலைக்குக் கிழக்குப் பக்கம் இருக்கு. அப்படின்னா ஆசியாவில் இருக்குன்னு அர்த்தம். ஆனாலும் இந்த ஊர் கிளப் ஆடினது ஐரோப்பியக் கோப்பைக்காக! ரஷ்யா முழுசும் ஐரோப்பிய கூடைப்பந்து அமைப்பில் சேர்ந்திருந்ததுதான் அதுக்குக் காரணம்.

இந்த நகரம் 1723-ல் உருவானது. மாஸ்கோவிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தூரம். 1924 முதல் 1991 வரை இதுக்கு ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று வேற பேர் இருந்தது. ஜனவரி மாசம் குளிர் மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே போயிடும். வெளியே பந்து விளையாடவே முடியாது. அதனால கூரை போட்ட அரங்கத்துக்குள்ள ஆடுற கூடைப்பந்து அந்த ஊருக்கு ரொம்பப் பொருத்தமான விளையாட்டு.

தொழிற்சாலையில் பிறந்த அணி

1933-ல் அங்கே உரால்மாஷ் என்ற மிகப்பெரிய இயந்திரத் தொழிற்சாலை திறந்தாங்க. சோவியத் யூனியன் காலத்தில் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் சொந்தமா விளையாட்டு அணி வச்சிருக்கும். நம்ம கிளப் தன்னோட பிறந்த வருஷமா சொல்றது 1938. ரொம்ப காலம் உரால்மாஷ் என்ற பேரிலேதான் ஆடியிருக்காங்க.

அந்தக் காலத்தில் சோவியத் யூனியனில் "தொழில்முறை விளையாட்டு வீரர்" என்று யாரும் கிடையாது. விளையாடுறவங்க கணக்குல தொழிலாளி அல்லது மாணவர் என்றுதான் இருக்கும். செலவை எல்லாம் அரசாங்கமும் தொழிற்சாலையும் பார்த்துக்கும்.

1991-ல் சோவியத் யூனியன் உடைஞ்சது. அரசாங்கப் பணம் நின்னு போச்சு. எத்தனையோ விளையாட்டுக் கிளப்புகள் திண்டாடின. அப்போ இந்தக் கிளப்புக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? செம்பு!

செம்புக் கம்பெனியும் கூடைப்பந்தும்

1999-ல் யூரல் சுரங்க உலோகக் கம்பெனி என்று ஒண்ணு உருவாச்சு. அதோட ஆங்கிலப் பேரின் சுருக்கம்தான் யு.எம்.எம்.சி. இவங்களோட முக்கியமான தொழில் செம்பு. கரண்ட் ஒயர், மோட்டார் காயில் எல்லாத்துக்கும் செம்பு வேணும் என்று நாம அறிவியல் பாடத்தில் படிச்சிருக்கோம். அந்தக் கம்பெனி இந்தப் பெண்கள் அணியை எடுத்து நடத்த ஆரம்பிச்சது. கிளப் பேரும் கம்பெனி பேராகவே மாறிடுச்சு.

இங்கே ஒரு கணக்கை நாம கவனிக்கணும். இவங்க ஆடின அரங்கத்தில் சுமார் 5,000 பேர்தான் உட்கார முடியும். டிக்கெட் வித்து வர்ற காசு உலகத்தின் பெரிய வீராங்கனைகளுக்குச் சம்பளம் கொடுக்கப் பத்தவே பத்தாது. ஆக அந்தக் கிளப் ஓடினது டிக்கெட் காசில் இல்லை, செம்புக் காசில்.

ஆறு கோப்பைகள்

ஐரோப்பாவில் பெண்கள் கிளப்புகளுக்கான மிகப்பெரிய போட்டிக்கு யூரோலீக் என்று பேர். பல நாட்டுச் சாம்பியன் கிளப்புகள் அதில் மோதும். யு.எம்.எம்.சி. அதை ஆறு முறை ஜெயிச்சிருக்கு.

2003 – முதல் கோப்பை. இறுதிப் போட்டியில் தோத்தது பிரான்ஸ் நாட்டு வாலன்சியன் அணி. அவங்க அதுக்கு முந்தின வருஷ சாம்பியன்!

2013 – பத்து வருஷம் காத்திருந்து ரெண்டாவது கோப்பை. அதுவும் சொந்த ஊர் ஜனங்க முன்னாடி, துருக்கியின் ஃபெனர்பாஷே அணியைத் தோற்கடிச்சாங்க.

2016 – இறுதிப் போட்டியில் எதிரே நின்னதும் ரஷ்ய அணிதான். அது ஒரென்பர்க் நகரத்து நதெழ்தா அணி.

2018 – ஹங்கேரி நாட்டு ஷோப்ரோன் அணியை அவங்க ஊருக்கே போய் ஜெயிச்சாங்க.

2019 – மறுபடியும் ரெண்டு ரஷ்ய அணிகள் மோதல். தோத்தது தினமோ கூர்ஸ்க்.

2021 – ஸ்பெயின் நாட்டு அவெனிடா அணியை ஜெயிச்சு ஆறாவது கோப்பை.

2020-ல் கொரோனாவால் போட்டியையே ரத்து பண்ணிட்டாங்க. ரஷ்யாவுக்குள்ளே நடக்கிற லீக்கில் 2009-லிருந்து பத்து வருஷத்துக்கும் மேல இவங்களேதான் சாம்பியன்.

2019 இறுதிப் போட்டியில் ஒரு சோகமும் நடந்தது. கூர்ஸ்க் அணிக்காக ஆடின அமெரிக்க வீராங்கனை பிரியானா ஸ்டூவர்ட் எகிறிக் குதிச்சு இறங்கும்போது குதிகால் தசைநாண் அறுந்து போச்சு. அந்த வருஷ அமெரிக்க சீசன் முழுக்க அவரால ஆட முடியலை. ஆனால் அவர் திரும்பி வந்தார். எந்த அணிக்கு எதிராக ஆடி அடிபட்டாரோ அதே யு.எம்.எம்.சி. அணியில் சேர்ந்தார். 2021-ல் கோப்பை வாங்கினபோது கடைசிச் சுற்றின் சிறந்த வீராங்கனை யாரு? அதே ஸ்டூவர்ட்தான்!

(பெட்டிச் செய்தி) உங்களுக்குத் தெரியுமா?
கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே உயரம்தான். பந்துதான் வேற. ஆண்களுக்கு 7-ஆம் எண் பந்து, பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னதான 6-ஆம் எண் பந்து. யூரோலீக்கில் ஆட்டம் 10 நிமிஷம் வீதம் நாலு பகுதி.

அமெரிக்காக்காரங்க ஏன் அவ்வளவு தூரம் போனாங்க?

எனக்கு முதல்ல புரியாத விஷயம் இதுதான். உலகத்திலேயே கூடைப்பந்தில் பலமான நாடு அமெரிக்கா. அங்கே பெண்களுக்கு டபிள்யூ.என்.பி.ஏ. என்று ஒரு லீக் 1997-லிருந்து நடக்குது. அப்புறம் ஏன் டயானா டவுராசி, சூ பேர்ட், கேண்டஸ் பார்க்கர், பிரிட்னி கிரைனர் மாதிரி பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் யூரல் பனிக்குள்ளே போய் ஆடணும்?

விடை ரொம்ப சுலபம். சம்பளம்.

அமெரிக்க லீக் கோடைக்காலத்தில் நடக்கும். ரஷ்ய சீசன் குளிர்காலத்தில் நடக்கும். அதனால ரெண்டு இடத்திலேயும் ஒருத்தரே ஆட முடியும். 2015-ல் அமெரிக்க லீக்கில் ஒரு வீராங்கனைக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளமே சுமார் 1,07,000 டாலர்தான். யு.எம்.எம்.சி. டவுராசிக்குக் கொடுத்ததாகப் பத்திரிகைகளில் வந்த தொகை சுமார் 15 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்க, 14 மடங்கு! அன்றைய நம்ம ரூபாயில் சொன்னா, அங்கே சுமார் 68 லட்சம், இங்கே ஒன்பதரைக் கோடி.

இதைவிட ஆச்சரியம் ஒண்ணு. 2015 கோடையில் டவுராசி அமெரிக்க லீக்கில் ஆடவே இல்லை. ஓய்வு எடுத்துக்கோ, அந்தச் சம்பளத்தையும் நாங்களே தர்றோம் என்று ரஷ்யக் கிளப் சொல்லிடுச்சு. சொந்த நாட்டில் ஆடுறதுக்குக் கிடைக்கிற காசைவிட, அங்கே ஆடாம இருக்கிறதுக்குக் கிடைச்ச காசு அதிகம்! இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

அமெரிக்காவில் அதே கூடைப்பந்தை ஆடுற ஆண்களுக்குப் பல கோடி டாலர் சம்பளம். அவங்க தனி விமானத்தில் போவாங்க. பெண்கள் சாதாரண பயணிகள் விமானத்தில் போக வேண்டியிருந்தது. 2018-ல் லாஸ் வேகாஸ் பெண்கள் அணி விமானம் தாமதமாகி 25 மணி நேரத்துக்கும் மேல அலைஞ்சு ஊர் போய்ச் சேர்ந்தது. உடம்பு தாங்காதுன்னு அவங்க ஆட மறுத்தாங்க. ஆட்டம் தோத்ததாகவே அறிவிச்சாங்க. 2024-ல்தான் அந்த லீக்கில் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் வந்தது. எகாதெரின்பர்க் வீராங்கனைகளுக்கு அதுக்குப் பல வருஷம் முன்னாடியே தனி விமானம் இருந்தது.

அமெரிக்கர்கள் மட்டும் ஆடலை. ரஷ்யாவின் மரியா ஸ்தெபானோவா (உயரம் 2 மீட்டருக்கும் மேல!), பெல்ஜியத்தின் எம்மா மீஸ்மன், ஸ்பெயினின் ஆல்பா டோரன்ஸ் எல்லாரும் இந்தச் சட்டையைப் போட்டு ஆடினவங்கதான். ஒரே அணியில் எத்தனை மொழி பாருங்க. பந்தைக் கை மாத்துறதுக்கு மொழி தேவையில்லை போல.

2022: எல்லாம் நின்ன வருஷம்

பிரிட்னி கிரைனர் 2014-லிருந்து இந்தக் கிளப்பில் ஆடினவர். உயரம் 6 அடி 9 அங்குலம். 2022 பிப்ரவரி 17-ம் தேதி கிளப்புக்குத் திரும்பி வரும்போது மாஸ்கோ விமான நிலையத்தில் அவர் பையைச் சோதிச்சாங்க. அதில் கஞ்சா எண்ணெய் இருந்த சின்னக் குப்பிகள் கிடைச்சது. ரஷ்யாவில் அது சட்டப்படி குற்றம். வலிக்காக டாக்டர் சொன்னது, அவசரத்தில் பையில் வந்துடுச்சு என்று கிரைனர் சொன்னார். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கவும் செஞ்சார். ஆகஸ்ட் 4-ம் தேதி 9 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தாங்க.

அவரைப் பிடிச்ச ஒரு வாரத்தில், பிப்ரவரி 24-ம் தேதி, ரஷ்யா உக்ரைன் மேல போர் தொடுத்தது. வெளிநாட்டு வீராங்கனைகள் கிளம்பிட்டாங்க. ரஷ்ய அணிகளை யூரோலீக்கிலிருந்து சீசன் நடுவிலேயே வெளியேத்தினாங்க. நடப்புச் சாம்பியனா இருந்த அணி கோப்பையைக் காப்பாத்த ஆடக்கூட முடியலை.

கிரைனர் பத்து மாசம் உள்ளே இருந்தார். டிசம்பர் 8-ம் தேதி அபுதாபி விமான நிலையத்தில் கைதி மாற்றம் நடந்தது. அமெரிக்கச் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை விட்டாங்க, கிரைனரை வாங்கிக்கிட்டாங்க. 2023-ல் கிரைனர் மறுபடியும் அமெரிக்க லீக்கில் பந்தைத் தொட்டார்.

எகாதெரின்பர்க் கிளப் மூடிப் போகலை. போருக்குப் பிறகும் ரஷ்ய லீக்கில் தொடர்ந்து ஆடினாங்க. ஆனால் ஐரோப்பாவோட மோதின அந்தக் காலம் 2022-ஓட நின்னு போச்சு.

நான் புரிஞ்சுக்கிட்டது

இந்தக் கதையில் யார் நல்லவங்க, யார் கெட்டவங்க என்று சுலபமா சொல்ல முடியலை. ரஷ்யக் கம்பெனி பெண்களுக்கு மரியாதையான சம்பளம் கொடுத்தது. அது உண்மை. ஆனால் அந்தக் கிளப் ஒரே ஒரு கம்பெனியை நம்பி நின்னது. ஒரே தூண் மேல கட்டின பந்தல் மாதிரி. கம்பெனி நினைச்சா கிளப் இருக்கும், நாடுகள் சண்டை போட்டா கிளப் தவிக்கும்.

இன்னொரு பக்கம், கிரைனர் ஏன் அந்த விமானத்தில் ஏறினார்? உலகத்தின் சிறந்த வீராங்கனைகளில் ஒருத்தருக்குச் சொந்த ஊரில் ஆண்களைப் போலச் சம்பளம் இருந்திருந்தா, வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஓய்வு எடுக்காம அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதே இல்லையே. 2020-ல் அமெரிக்க லீக் அதிகபட்ச அடிப்படைச் சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தினது. அதுகூட வீராங்கனைகள் ஒண்ணு சேர்ந்து பேசினதாலதான் வந்தது. யாரும் தானா கொடுத்துடலை.

"பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டத்தை யாரு பார்ப்பா?" என்று நிறைய பேர் கேட்கிறாங்க. எகாதெரின்பர்க்கில் மைனஸ் டிகிரி குளிரில் கோட்டு போட்டுக்கிட்டு வந்து பார்த்திருக்காங்க. நல்லா ஆடுறதுக்கு இடமும், பயிற்சியும், சாப்பாடும், சம்பளமும் கொடுத்தா பார்க்க ஆள் வருவாங்க. எதுவுமே கொடுக்காம, யாரும் பார்க்கலையே என்று சொல்றது நியாயமா? சாயங்காலம் மைதானத்தில் ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நம்ம வகுப்புப் பெண்களும், மைதானம் முழுக்க ஓடுற பையன்களும் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வளையத்தின் உயரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!

மூளைக்கு வேலை (விடைகள் கட்டுரையிலேயே இருக்கு)
1. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் மலை எது?
2. யு.எம்.எம்.சி. எத்தனை முறை யூரோலீக் கோப்பையை ஜெயிச்சது?
3. பெண்கள் ஆடும் பந்தின் எண் என்ன?



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி