சைக்கிள் பிரேக்கைப் பராமரிக்க நின்று உழைக்கும் கருவிகள்

சைக்கிள் பிரேக்கை வீட்டிலேயே பராமரிக்கத் தேவைப்படும் கருவிகள் மிகச் சில. எவை வேண்டும் என்பது வண்டியில் உள்ள பிரேக்கைப் பொறுத்தது. கம்பி பிரேக் கொண்ட பழைய வண்டிகளில் பெரும்பாலும் நட்டும் போல்ட்டும்தான். அவற்றுக்கு ஸ்பேனர் போதும். வி-பிரேக்கிலும் ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக்கிலும் போல்ட் தலையில் அறுகோணக் குழி இருக்கும்; அதற்கு ஆலன் கீ வேண்டும். டிஸ்க் தகட்டை ஆறு போல்ட்டால் பிணைத்திருந்தால், வழக்கமாக டி25 என்ற நட்சத்திர முனை தேவைப்படும். கடைக்குப் போகுமுன் வண்டியருகே உட்கார்ந்து இவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது. விதவிதமான கருவிகள் அடுக்கிய பெரிய பெட்டி மலிவாகத் தோன்றும். அதில் பிரேக்குக்கு உதவுபவை நாலைந்துதான். அவையும் மட்டமான இரும்பாக இருந்தால் கொடுத்த காசு வீண்.

ஆலன் கீயில் 4, 5, 6 மி.மீ. அளவுகள் முக்கியம். அதிலும் 5 மி.மீ. அளவுக்குத்தான் வேலை அதிகம்: பிரேக் கட்டையைப் பிடித்திருப்பதும் ஒயரை இறுக்குவதும் பெரும்பாலும் இந்த அளவு போல்ட்டுகளே. மட்டமான கீயின் விளிம்புகள் சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய கீ குழிக்குள் வழுக்கும்போது குழியின் மூலைகளையும் தேய்த்துவிடும். பிறகு அந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுக்க வேண்டி வரலாம். கருவியோடு வண்டியின் பாகமும் போகிறது. குரோம் வனேடியம் அல்லது எஸ்2 எஃகு இதற்கு ஏற்றது. கருவியில் பொறித்த எழுத்தை மட்டும் நம்பாமல், அதே அளவு போல்ட் ஒன்றில் செருகி ஆட்டிப் பார்க்க வேண்டும். கீ லொடலொடவென்று ஆடினால் வாங்கக் கூடாது. உருண்டை முனை உள்ள கீயைச் சாய்வாக நுழைத்து வேகமாகச் சுழற்றலாம். ஆனால் அதன் கழுத்து மெலிந்தது. கடைசி இறுக்கத்துக்கு நேர்முனைதான் சரி.

ஸ்பேனரில் 8, 9, 10 மி.மீ. அளவுகள் இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். அடித்து உருவாக்கிய எஃகு ஸ்பேனர் பல ஆண்டுகள் உழைக்கும். ரிங் முனை நட்டைச் சுற்றிலும் பிடிப்பதால் நட்டின் மூலை கெடாது. பல துளைகள் கொண்ட தகட்டு ஸ்பேனர் வழியில் அவசரத்துக்கு உதவும், வீட்டு வேலைக்கு வேண்டாம்.

அதிகம் செலவழிக்க வேண்டியது கேபிள் கட்டருக்கு. பிரேக் ஒயரின் உள்கம்பி சுமார் 1.5 மி.மீ. தடிமன் கொண்டது, மெல்லிய எஃகு இழைகள் பல சேர்ந்து முறுக்கியது. சாதாரண கட்டிங் பிளேயர் அதை இருபுறமும் நசுக்கித்தான் வெட்டுகிறது. கம்பி தட்டையாகி, இழைகள் பிரிந்து, வெளிக்குழாயில் நுழைய மறுக்கும். கேபிள் கட்டரின் வளைந்த அலகுகள் கம்பியைச் சுற்றி வளைத்து, ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டுவதால் முனை வட்டமாகவே நிற்கும். வாங்கும்போது அலகுகளை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெரியக் கூடாது. மூட்டு ஆடவும் கூடாது. மூட்டில் நட்டு வைத்திருந்தால் பின்னாளில் இறுக்கிக்கொள்ளலாம். ஆணியையோ தடித்த கம்பியையோ இதனால் ஒருமுறை வெட்டினாலும் அலகில் பள்ளம் விழக்கூடும்.

வெளிக்குழாயை வெட்டியதும் அதன் வாய் அமுங்கியிருக்கும். அதைக் குத்தூசியால் திறந்து, முனையைச் சிறு அரத்தால் சமமாகத் தேய்க்க வேண்டும். முனை கோணலாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் குழாய் நசுங்கி, லீவர் மெத்தென்று அமுங்கும்.

இறுக்கத்தைக் கைக்கணக்கில் விடாமல் டார்க் ரெஞ்ச் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வி-பிரேக்கில் ஒயர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் சொல்லப்படுகிறது. எந்த வண்டிக்கும் தயாரிப்பாளர் தரும் அளவே இறுதியானது. கிளிக் வகை ரெஞ்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு ஊசிக்குழாயும் இணைப்புக் குழாயும் தனியே வேண்டும். சில வகைகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். ஒன்றுக்குப் பயன்படுத்திய ஊசிக்குழாயை மற்றொன்றுக்கு எடுத்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று கருவிகளை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். ஆனால் அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ரிம்மிலோ டிஸ்க்கிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

கையில் பணம் குறைவாக இருந்தால், ஒயர் பிரேக் வண்டி வைத்திருப்பவர் முதலில் நல்ல 5 மி.மீ. ஆலன் கீயும் கேபிள் கட்டரும் வாங்கட்டும். மற்றவற்றை வேலை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.