கரையில் முதலில் பார்ப்பவர்கள்

2008 நவம்பர் 26 இரவு. மும்பை கொலாபா பகுதியின் மீனவர் குடியிருப்புக் கரையில் ரப்பர் படகொன்று ஒதுங்கியது. கனத்த பைகளோடு இறங்கிய இளைஞர்களிடம் யார், எங்கே என்று மீனவர்கள் விசாரித்தார்கள். அதட்டல்தான் பதிலாக வந்தது. கராச்சியிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்திருந்த அந்தப் பத்துப் பேர் 166 உயிர்களைப் பறித்தார்கள்.

அதுவரை நம் போலீசார் பழகியிருந்தது வெடிகுண்டுகளோடு. 1993-ல் மும்பை, 1998-ல் கோவை, 2006-ல் மீண்டும் மும்பையின் மின்சார ரயில்கள் என எல்லாமே குண்டுவெடிப்புகள். வெடித்த பிறகு தடயம் திரட்டி ஆளைத் தேடுவதுதான் காவல்துறையின் வேலையாக இருந்தது. இவர்களோ சாகத் துணிந்து வந்தவர்கள். ஓட்டல்களுக்குள் புகுந்துகொண்டு, பாகிஸ்தானிலிருந்து போனில் வந்த கட்டளைப்படி சுட்டார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் எதிர்த்து நின்ற போலீசாரிடம் இருந்தவை பழைய .303 ரைபிள்களும் லத்திகளும். கிர்காவ் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாபின் ஏ.கே.47 குழலை இறுகப் பற்றி, குண்டுகளைத் தன் உடலில் வாங்கிக்கொண்டார். கசாப் உயிரோடு சிக்கியது அவரால்தான். சதியின் வேர் வெளிப்பட்டதில் அந்த எளிய காவலருக்குள்ள பங்கு மிகப் பெரிது.

டெல்லியிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் வந்து சேர்வதற்குள் விடியும் நேரமாகிவிட்டது. அந்தத் தாமதம் உலுக்கியதில், 2009-ல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அந்தப் படைக்குத் தளங்கள் அமைந்தன. மகாராஷ்டிரம் 'ஃபோர்ஸ் ஒன்' என்ற தனிப்படையைத் தொடங்கியது. தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் 2008 டிசம்பரிலேயே நிறைவேறியிருந்தது.

கடலோரத்தில் நடந்த மாற்றம் இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு எண், புதிய கடலோரக் காவல் நிலையங்கள் என்று அது தொடங்கியது. தமிழகக் கரையில் 'சாகர் கவாச்' ஒத்திகை நடக்கும் நாளில் போலீசாரே தீவிரவாதிகளாக வேடமிட்டுப் படகில் ஊடுருவப் பார்ப்பார்கள். மற்றவர்கள் மடக்கிப் பிடிக்க வேண்டும். சந்தேகப் படகு தென்பட்டால் 1093-க்குச் சொல்லும்படி மீனவக் கிராமங்களில் கேட்டுக்கொள்கிறார்கள்.

மீனவரிடமிருந்து தகவல் வரும். அதைக் கேட்டதும் கடலுக்குள் பாய ஆளும் படகும் தயாராக இருக்கின்றனவா என்பதே கவலை. சில மாநிலங்களில் ரோந்துப் படகுகள் போதிய பயன்பாடின்றிக் கிடந்ததை அரசுத் தணிக்கை அறிக்கைகளே சுட்டிக்காட்டியிருக்கின்றன. கமாண்டோ தளங்களுக்குக் காட்டிய அவசரத்தை அந்தப் படகுகளின் டீசலுக்கும் பராமரிப்புக்கும், அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களை நியமிப்பதற்கும் அரசுகள் காட்டியாக வேண்டும்.