பார்வையிழந்த படகோட்டி

1858ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள், இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அண்மையில் ஒரு தந்தையும் மைந்தனும் வேட்டைக்குச் சென்றனர். கண்ணிற் படலம் படரத் தொடங்கியிருந்த தந்தை பறவையொன்றைக் குறிவைத்துச் சுட்டார். சன்னங்கள் மகனின் இரு விழிகளிலும் பாய்ந்தன. ஹென்றி போசெற் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது 25. ஈராண்டுகளுக்கு முன்னர்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிதச் சிறப்புத் தேர்விலே ஏழாம் இடம் பெற்றிருந்தார்.

பார்வை போயிற்று. ஆயினும், தம் வாழ்வின் போக்கை இது மாற்றலாகாது எனச் சில நிமிடங்களுக்குள்ளேயே அவர் துணிந்தார் என்று நண்பர் லெஸ்லி ஸ்டீபன் எழுதியுள்ளார். இந்த ஸ்டீபனும் கல்லூரிப் படகுக் குழுவினரைப் பயிற்றுவதிற் பெயர்பெற்ற ஆசிரியரே. போசெற் மீண்டும் ட்ரினிற்றி ஹோல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். துடுப்பு வலித்தார், குதிரையேறினார், குளிர்காலத்தில் உறைந்த நீர்ப்பரப்பின்மீது, துணைவரின் குரலே வழிகாட்டச் சறுக்கிச் சென்றார். தம் கையாலேயே மகனின் ஒளியைப் போக்கிய தந்தையைத் தேற்றுதற்கும் இவ்வுற்சாகம் வேண்டியிருந்தது போலும்!

1863இல் பொருளியற் பேராசிரியர். 1865இல் பாராளுமன்ற உறுப்பினர். 1880இல் தபால் மா அதிபர். டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரியிலிருந்த சமயத் தடைகளை நீக்கிய 1873ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறியது. 1884இல் காலமானார்.

1890இல் அவர் மகள் பிலிப்பா, அதே கணிதத் தேர்வில் முதல் மாணவனையும் விஞ்சிய புள்ளிகளைப் பெற்றார். பெண்ணாதலின் பட்டம் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் மகளிர்க்குப் பட்டமளிக்கத் தொடங்கியது 1948இலேதான்.