லேசான அடிதான்... முகம் ஏன் மரத்துப்போகிறது?

பாபநாசம் படித்துறையில் பாசி வழுக்கி நெற்றியை இடித்துக்கொள்வது நெல்லைக்காரர்களுக்குப் புதிதல்ல. வீக்கம் வடிந்த பிறகும் சிலருக்குப் புருவத்துக்கு மேல் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ‘மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ!’ என்று பயம் பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலும் விஷயம் தோலுக்கு அடியில்தான். முகத்தின் தொடு உணர்வுக்கு ‘ட்ரைஜெமினல்’ நரம்பு. பக்கத்துக்கு மூன்று கிளைகள். ஒன்று புருவ எலும்பின் விளிம்பில், இன்னொன்று கண்ணுக்குக் கீழே வெளியே வருகிறது. அந்த இடத்தில் அடிபட்டால் நரம்பு நசுங்கி மரத்துப்போகும். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும். ஆனால் கன்னம், மேலுதடு, மேல்வரிசைப் பல் எல்லாம் சேர்ந்து மரத்தால், எலும்பு முறிவா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். ‘சுளுக்குதான்’ என்று கழுத்தை நெட்டி முறிக்கப் போய் உட்காரவே வேண்டாம்.

வாய் கோணுவது வேறு கதை. முகத்தை அசைப்பது வேறு நரம்பு. அடிபட்டுச் சில நாள் கழித்தும் அது செயலிழக்கலாம். அதோடு கை, கால் மரப்பு, தொடர் வாந்தி, பேச்சுக் குழறல், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வயதானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் லேசான அடிக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தம், இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.