நீர் இருந்தும் தாகம்

பயிர் வாடினால் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் ஊற்றும் தண்ணீரே பயிரை வாட்டும் இடங்களும் நம் நாட்டில் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. விவசாயிகள் கிணற்றையே நம்பியிருக்கிறார்கள். அங்கே சுண்ணக்கற்பாறைக்குள் பாரம் கூடிய உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைத்தால், கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணற்றில் கலந்துவிடும்.

அந்த நீரைப் பாய்ச்சினால் என்ன நடக்கும்? விஞ்ஞான பாடத்தில் நாம் படித்த பிரசாரணமே இதற்கு விடை. வேரின் கலச்சாறு மண்நீரைவிடச் செறிவு கூடியது. அதனால்தான் நீர் வேருக்குள் செல்கிறது. மண்நீரில் உப்புக் கூடினால் இந்த வேறுபாடு குறைகிறது. மண் ஈரமாக இருந்தும் பயிர் தாகத்தால் தவிக்கிறது. விதை பிந்தி முளைக்கும், செடி குறுகும், இலை நுனி கருகும், காய் சிறுக்கும். நெல் பூக்கும் காலத்தில் உப்புத் தாக்கினால் பதர் மிகும். சோடியம் மிகுந்த களிமண் இறுகி, நீரையும் காற்றையும் உள்ளே விடாது.

மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். இதன் அலகு மீற்றருக்கு டெசிசீமன்ஸ். விளைச்சல் குறையாமல் பார்லி 8 அலகு வரை தாங்கும், நெல் 3 வரை, வெங்காயம் 1.2 வரை. போஞ்சியும் கரட்டும் 1 அலகு வரைதான் தாங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் போஞ்சியின் விளைச்சல் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும்.

இந்தப் போஞ்சியும் கரட்டும் நம் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைபவை அல்லவா? உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களே நமக்கு வருமானம் தருகின்றன. நம்மைச் சுற்றிக் கடல் இல்லை. மண்ணில் சேரும் உப்பையும் மழை கழுவிச் செல்கிறது. ஆனால் இரசாயனப் பசளைகளில் பெரும்பாலானவையும் உப்புகளே. மழை படாத பொலித்தீன் கூடாரத்திலும் சாடியிலும் அவை அளவுக்கு மீறினால் மண்ணிலேயே தேங்கிவிடும்.

ஆகவே லயத்துப் பக்கத்திலோ வீட்டு முற்றத்திலோ மரக்கறிப் பாத்தி போடும் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: பசளையை அளந்து இடுங்கள், கூட்டெருவையும் சேருங்கள், சாடியின் அடித்துளையை அடைக்காமல், இடையிடையே நல்ல நீர் ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

மேகத்திலிருந்து இறங்கும் நீர் உவர்ப்பாக இல்லாததற்கு நன்றி செலுத்துமாறு அல்வாகிஆ அத்தியாயம் நினைவூட்டுகிறது. அந்த நீர் விழும் மண்ணை நல்லபடி வைத்திருப்பதும் நன்றியின் ஒரு பகுதியே.